வரையருமை: சங்கச் செய்யுளில் மலைச்சரிவின் பொருள்

மலை உயர்ந்தது என்பது ஒன்று. அதன் சரிவு ஏறுதற்கு அரியது என்பது மற்றொன்று. முன்னது மலையின் அளவு. பின்னது மலைக்கும் அதன்முன் நிற்பார்க்கும் இடையே தோன்றும் உறவு. ஆயிரம் அடி உயர்ந்த மலை மெல்லச் சரிந்து கிடப்பின் முதியோரும் ஏறுவர். முப்பதடிப் பாறை நேர்நிற்பின் இளையோரும் மயங்குவர். இவ்வேறுபாடு வெளிப்படையாயினும், சங்கச் செய்யுட்குப் பொருளுரைக்கும்போது நாம் இதனை மறந்துவிடுகின்றோம். ‘நெடுவரை’ என வரின் ‘உயர்ந்த மலை’ என்கிறோம். ‘அடுக்கம்’ என வரினும் ‘சாரல்’ என வரினும் ‘மலைப்பக்கம்’ என்று கூறி அமைகின்றோம். இவ்வுரை பிழையன்று, ஆயினும் நிரம்பாதது. இந்நிரம்பாமையால் சில பாட்டுகளின் உயிர்நிலையே மாணவர்க்கு எட்டாது போகின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சங்கப் பாட்டில் இயற்கை தனித்து நிற்பதன்று, மாந்தர் உணர்வுக்கு நிலைக்களமாய் அமைவது என்பதைத் தனிநாயக அடிகளாரும் மு. வரதராசனாரும் சென்ற நூற்றாண்டிலேயே விரிவாக நிறுவினர். அக்கருத்தினின்றும் ஓரடி மேற்செல்லுதல் எம் நோக்கம். மலைச்சரிவின் கடுமை உணர்வுக்குப் பின்னணியாக மட்டும் நில்லாது, உணர்வை அளக்கும் கோலாகவும் நிற்கின்றது. அக்கோலும் யாவர்க்கும் ஒன்றன்று. ஏறுவார், ஏறமாட்டார், நோக்கி நிற்பார் என நிற்பார்க்கேற்ப வேறுபடும் என்பதே யாம் கூறவரும் முடிபு. செங்குத்து எனவும் சரிவு எனவும் இன்று சுட்டப்பெறும் இப்பண்பை இக்கட்டுரையில் ‘வரையருமை’ எனக் குறிப்பாம்.

1. சொற்கள் காட்டும் நெறி

நில அளவையார் சரிவை விகிதத்தால் கூறுவர். கிடையாக 100 அடி செல்லுங்கால் நிலம் 100 அடி உயருமாயின் அது 45 பாகைச் சரிவாம். இவ்வளவில் மாந்தர்க்கு இடமில்லை. தமிழில் சரிவைக் குறிக்கும் பழஞ்சொற்களோ பெரும்பாலும் உடம்பையும் ஒழுக்கத்தையும் தொட்டு நிற்கின்றன.

‘கவான்’ என்பது தொடையையும் குறிக்கும், மலைப்பக்கத்தையும் குறிக்கும். மலை அமர்ந்திருப்பதாகவும், சரிவு அதன் மடியாகவும் கண்ட கண்ணுக்கே இச்சொல் வாய்க்கும். ‘சாரல்’ என்பது சார்தல் என்னும் வினையை நினைவூட்டுவது. சார்தற்கு இடந்தரும் மலைப்பக்கம் அது. ‘அடுக்கம்’ என்பதோ பாறைமேற் பாறையாய் அடுக்கிய நிலையைக் காட்டும். ஆண்டுச் சார்தற்கு இடமில்லை. இம்மூன்றினையும் ‘மலைப்பக்கம்’ என்னும் ஒரே உரையால் முடித்துவிடின் மெல்லிய சரிவும் கடிய சரிவும் ஒன்றாகிவிடும்.

‘இழுக்கு’ என்னும் சொல் இன்னும் கருதத்தக்கது. வழுக்கும் இடத்திற்கும் அது பெயர்; குற்றத்திற்கும் அது பெயர். ‘வழு’ என்பதும் அவ்வாறே. ‘இழிதல்’ இறங்குதலையும் குறிக்கும், தாழ்வுறுதலையும் குறிக்கும். திருக்குறளில் கேள்வி அதிகாரத்தில், ஒழுக்கமுடையார் வாய்ச்சொல்லுக்கு வழுக்குநிலத்தில் ஊன்றும் கோல் உவமையாயிற்று. காலின் தவறும் ஒழுக்கத்தின் தவறும் ஒரு சொல்லில் அடங்கிய மொழியில், மலைவழியின் வழுக்கலைப் பாடும் புலவன் நிலத்தை மட்டும் பாடினான் எனக் கொள்ளுதல் அரிது.

‘வரை’ என்பது மலை, எல்லையுமாம், ‘வரைதல்’ என்பது மணந்துகொள்ளுதல். இவை ஒரே வேரின என யாம் ஈண்டு வற்புறுத்தவில்லை. ஆயினும் வரையின் அருமையைக் கூறி வரைவினை வேண்டுதல் குறிஞ்சிப் பாட்டுகளின் பெருவழக்காதலின், இச்சொல்லொலியின் ஒற்றுமை கேட்போர் செவியில் விழாதிருந்திராது என்று கொள்ளலாம்.

2. பகைவர்க்கு அரியது, பரிசிலர்க்கு எளியது

புறநானூற்றில் பாரியின் பறம்பு பற்றிக் கபிலர் பாடியவை வரையருமையின் இயல்பை விளக்கத் தக்க சான்றுகள். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பறம்பு என்பது பலர் கொள்கை. மூவேந்தரும் முற்றுகையிட்ட காலத்து நிலையை 109 ஆம் பாட்டு கூறுகின்றது. மரந்தோறும் யானையைப் பிணித்து வயல்தோறும் தேரை நிறுத்தினும், தாளாலும் வாளாலும் அம்மலை கொள்ளற்கு அரிது. உழவர் உழாமலே மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கு விளைவும் அதன்மேல் உண்டு. அதனைக் கொள்ளும் வழியையும் புலவரே கூறுகின்றார்: யாழிசைத்து விறலியர் பின்வர ஆடியும் பாடியும் செல்லின் பாரி நாட்டையும் தருவான், குன்றையும் தருவான் என்பது அது.

இப்பாட்டைப் பாரியின் கொடைக்கும் பறம்பின் வளத்திற்கும் சான்றாக நாம் காட்டுவதுண்டு. அதனினும் நுண்ணியது 111 ஆம் பாட்டு. அதில் பறம்பு வேந்தர்க்கு ‘அரிது’ எனவும், பாடிவரும் கிணைமகளுக்கு ‘எளிது’ எனவும் இரு சொற்கள் எதிரெதிர் நிறுத்தப்பெற்றன. மலை ஒன்றே, அதன் பாறையும் சரிவும் மாறவில்லை. வேலேந்தி வருவார்க்குச் செங்குத்தாய் நின்ற அது, பாடி வருவாட்குச் சாய்ந்து கொடுக்கின்றது. படைக்கலத்தால் ஏறமுடியாத மலையைப் பாட்டால் ஏறலாம் என்பதில் வேந்தரை எள்ளும் நகையும் உண்டு. ஆயினும் நகையோடு அமையாமல், வரையருமை மலையின் பண்பு மட்டுமன்று, மலைக்குரியான் உள்ளத்தின் பண்புமாம் என்னும் தெளிவும் ஆண்டுள்ளது.

பாரி மாய்ந்தபின் நிகழ்ந்த மாற்றமும் இதனை வலியுறுத்தும். மகளிர் பாடிய 112 ஆம் பாட்டு, சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் உடையராய்க் குன்றமும் உடையராய் இருந்தோர் இத்திங்களில் இரண்டும் இலர் என்கின்றது. பகைவர் அச்சரிவை எவ்வாறு ஏறினர் என்பதற்கு ஆண்டு ஒரு சொல்லும் இல்லை. கொடுப்பான் இல்லாத மலையின் அருமை தானே தீர்ந்தது போலும்.

இதன்பின் 116 ஆம் பாட்டை நோக்குவார்க்குக் கபிலரின் துயரம் நன்கு விளங்கும். முன்னர்ப் பறம்பின் மேலிருந்து, முற்றுகையிட வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய மகளிர், இப்போது ஈந்தின் இலைக்குப்பை மேலேறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். இரண்டிடத்தும் உயர்ந்த இடத்தினின்று எண்ணுதலே தொழில். வானளாவிய பறம்பு, எவரும் ஏறத்தக்க குப்பைமேடாய்ச் சுருங்கியது. ‘வறுமையுற்றனர்’ என்று புலவர் கூறவில்லை, ஏறுமிடத்தின் அளவை மாற்றினார், அம்மாற்றமே வறுமையாயிற்று. ‘உயர்ந்த மலை’ என்னும் உரையோடு நிற்பார்க்கு இம்மாற்றம் புலனாகாது.

3. ஏறுவானும் நோக்குவாளும்

அகத்திணையில் இவ்வுறவு வேறொரு வடிவம் கொள்கின்றது. இரவுக்குறிக்கண் தலைவன் மலைவழியே தனித்து வருகின்றான். இருள், புலி, யானை, காட்டாறு, வழுக்குபாறை ஆகியன அவ்வழியில் உள்ளன. இவற்றை எடுத்துரைப்போர் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பெரும்பாலும் தோழி உரைக்கின்றாள். ஒரோவழித் தலைவி உரைக்கின்றாள். அவ்வழியில் நடந்து வருபவன் அதன் அருமையைத் தன் துன்பமாகக் கூறுதல் மரபன்று. வழியின் அருமை, அழிவு, அச்சம், ஊறு ஆகியவை தலைவற்கு இல்லை எனத் தொல்காப்பியர் களவியலில் இலக்கணமும் வகுத்தார்.

இவ்விலக்கணத்தைத் தலைவனின் ஆண்மைக்குச் சான்றாகக் கொண்டு அமைவாரும் உளர். அதன் மறுதலையை நோக்குவார் சிலரே. தலைவனுக்கு இல்லாத அச்சம் எங்கும் இல்லாது போகவில்லை. அது இடம் பெயர்ந்து, ஏறாது வீட்டிலிருப்பாள் நெஞ்சில் நிற்கின்றது. சரிவு அவன் காலடியில் உள்ளது. அதன் கடுமை அவள் நெஞ்சில் உள்ளது. குறிஞ்சித்திணையின் மலைவருணனைகளுட் பல, கண்ணாற் காணாமல் அஞ்சும் உள்ளத்தாற் கண்டவை என்பதை இதனாற் பெற்றாம்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதியில் தோழி, தலைவன் வரும் வழியின் ஏதங்களை விலங்கு, பேய், பாம்பு எனத் தொகுத்துச் செவிலிக்கு உரைக்கின்றாள். அத்தொகையுள் ‘இழுக்கு’ என்னும் சொல்லும் இடம்பெற்றுள்ளது. வழுக்குமிடம் என்பதே ஆண்டு நேர்பொருள். ஆயினும் அவ்விடத்துத் தோழி செய்யும் தொழில் யாது? மறைந்தொழுகிய காதலை வெளிப்படுத்தி, அஃது இழுக்கன்று, அறத்தோடு பொருந்தியதே என நிறுவுதல். குற்றத்தையும் குறிக்கும் சொல்லை அவள் மலைவழிக்கே உரியதாக்கி நிறுத்துகின்றாள். வழுக்கல் தலைவன் வரும் வழியில் உண்டு, தலைவியின் ஒழுக்கத்தில் இல்லை என்பது கேட்கும் தாய்க்குப் புலனாம்.

குறுந்தொகை 69 ஆம் பாட்டு இப்பொருளின் எல்லையைக் காட்டுவது. கடுவன் இறந்துபடக் கைம்மையைப் பொறாத மந்தி, மரமேறவும் பயிலாத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, ஓங்கிய வரையினின்று பாய்ந்து உயிர்விடுகின்றது. அத்தகைய மலைநாட்டானை நோக்கி, நள்ளிரவில் வாரற்க, யாம் வருந்துவேம் என்கின்றாள் தோழி. நினக்கு ஏதம் நேரின் இவள் வாழாள் என்பது உள்ளுறை. மந்தி பாயுமிடம் ‘அடுக்கம்’. தலைவன் ‘சாரல்’ நாட்டிற்கு உரியவன். மலை ஒன்றாயினும் பெயர் இரண்டு. சார்ந்து வாழ்தற்குரிய சரிவு அவன் பெயரோடு வருகின்றது; வீழ்ந்து மாய்தற்குரிய சரிவு துணையிழந்தாள் செயலோடு வருகின்றது. அவன் வரவு பகலில், வரைவோடு அமையின் அம்மலை சாரலாம். இரவில் தொடரின் அடுக்கமாம். இரண்டினையும் ‘மலைப்பக்கம்’ என உரைப்பின் தோழியின் எச்சரிக்கையில் பாதி மறைந்துவிடும்.

ஏறுவான் அஞ்சான், நோக்குவாள் அஞ்சுவாள் என்பது ஒருபுறமிருக்க, ஏறவே இயலாதவன் நிலையைக் குறுந்தொகை 60 ஆம் பாட்டில் பரணர் காட்டுகின்றார். நெடுவரையின் உச்சியில் பெருந்தேனடை; அடியில் அமர்ந்திருக்கும் முடவன் உட்குழிந்த கையைச் சுட்டிச் சுட்டி நக்கி இன்புறுகின்றான். தலைவர் நல்காராயினும் பலகாற் காண்டலே இனிது என்பது தலைவி கூற்று. ஈண்டு ‘நெடு’ என்னும் அடை வறிதே உயர்வைக் குறித்து நிற்பதன்று. நடக்கவல்லான் ஒருவனுக்கு அம்மலை அரிது. முடவனுக்கு அது முற்றும் இயலாதது. அவன் இருக்கையே அச்சரிவின் கடுமையை அளக்கும் கோல். ஏறமுடியாமை உறுதிப்பட்டபின் எஞ்சுவது காண்டல் ஒன்றே. அதனையும் இனிமையாக்கிக்கொண்டது காதலின் சிறப்பா, அவலமா என்னும் ஐயத்தைப் பாட்டு தீர்க்காமல் விடுகின்றது.

4. ஏறி மீண்டவன் மொழி

இதுகாறும் கண்டவை ஏறாதார் கண்ட சரிவுகள். ஏறி மீண்டவன் சரிவை எவ்வாறு உரைப்பான் என்பதற்கு மலைபடுகடாம் சான்று. பத்துப்பாட்டுள் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நீண்ட இந்நூல் 583 அடிகளால் ஆயது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வரும் கூத்தனையும் அவன் சுற்றத்தையும் ஆற்றுப்படுத்துகின்றான். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு உறையும் குழிகள் உள்ள இடம், தினைக்காவலர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம் என ஒவ்வொன்றையும் அவன் நிரலே கூறுகின்றான். பாசி படர்ந்து அடிநிலை தளரும் இடத்தில், ஆண்டுள்ள மெல்லிய மூங்கிலையும் எருவைக்கோலையும் பற்றிக்கொண்டு கடக்குமாறு கூறுகின்றான்.

இவன் மொழியில் மலையின் உயரம் அளக்கப்பெறவில்லை, கைப்பற்றுக்கோடு கூறப்பெறுகின்றது. தோழியின் மலை அச்சத்தால் நிறைந்தது. கூத்தனின் மலை பிடிக்கத்தக்க கோல்களால் நிறைந்தது. முன்னது வாராதே என்கின்றது. பின்னது இவ்வாறு வருக என்கின்றது. நன்னனுக்குரிய நவிரமலை திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையே எனக் கருதப்படுகின்றது. இன்றும் அம்மலை ஏறுவோர் செங்குத்தான இடங்களில் பாறையில் நட்ட கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பற்றியே செல்கின்றனர். மூங்கிலுக்கு ஈடாக இரும்பு வந்தது. கூத்தன் கூறிய அறிவு மாறவில்லை.

சரிவைச் சொற்றொடரின் போக்கிலேயே காட்டியவர் நக்கீரர். திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலையின் அருவி வீழ்கின்றது. அகிலையும் தேனடையையும் பலாவின் சுளையையும் யானைக்கோட்டையும் மிளகுக்கொத்தையும் உருட்டிக்கொண்டு, மயிலும் காட்டுக்கோழியும் வெருவ, அஃது இழிந்து வருகின்றது. எச்சங்கள் அடுக்கடுக்காக வருதலின், படிப்போர் மூச்சுவிட நிற்றற்கு இடமின்றி அருவியோடு கீழ்நோக்கிச் செல்கின்றனர். செங்குத்து என்னும் பண்பைச் சொல்லாமல் நிகழ்த்திக் காட்டுதல் இதுவாகும்.

5. சரிவு மறைந்த இடம்

வரையருமை ஏறுவாரைப் பொறுத்தது என்பதற்கு இறுதிச் சான்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. மதுரை எரிந்தபின் கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கிச் சென்று நெடுவேள் குன்றம் ஏறுவதைக் கட்டுரை காதை கூறுகின்றது. இறங்குங்கால் பள்ளம் எனக் கருதாள், ஏறுங்கால் மேடு எனக் கருதாள் என்பது இளங்கோவடிகள் காட்டும் நிலை. குறிஞ்சித் தலைவியைக் கலங்கச் செய்த அதே மலைச்சரிவு இவளுக்கு இல்லையாயிற்று. அஞ்சுதற்கு உரியவன் இறந்தபின் அச்சத்திற்கு இடம் ஏது? தலைவனுக்கு இலக்கணம் விலக்கிய வழியருமை, துயரால் இவளுக்கும் விலகிற்று. ஒன்று காதலால் தோன்றாதது. மற்றொன்று இழப்பால் மறைந்தது.

6. ஒரு தடையும் விடையும்

இவ்வாறு நுணுகிப் பொருள் காண்பதற்கு ஒரு தடை எழும். சங்கப் பாட்டின் அடைமொழிகள் வாய்மொழி மரபில் வழிவழி வந்த வாய்பாடுகள். அவற்றுக்கு இடந்தோறும் தனிப்பொருள் தேடுதல் பொருந்தாது என்பது அது. க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட, தமிழ் வீரநிலைப் பாடல் பற்றிய ஆங்கில நூலுக்குப்பின் இக்கருத்து வலிமை பெற்றது. இத்தடையைப் புறக்கணித்தல் ஆய்வு நெறியன்று. ‘நெடு’, ‘ஓங்கு’ போன்ற அடைகள் பலவிடத்தும் வாய்பாடாய் வருதல் உண்மையே. ஆயினும் எம் முடிபு அடைமொழியை மட்டும் பற்றியதன்று. முடவனை மலையடியில் இருத்தியதும், மந்தியை வரையினின்று பாயவிட்டதும், பாரி மகளிரைக் குப்பைமேட்டில் ஏற்றியதும் வாய்பாடுகள் அல்ல; அவ்வப்புலவரின் தெரிவுகள். வாய்பாடாகிய மலை பொதுவாயினும் அதன்முன் நிறுத்தப்பெற்ற ஆள் சிறப்பு.

மற்றொரு துறையின் சான்றும் ஈண்டு நினையத்தக்கது. அமெரிக்க உளநூலார் பிராபிட்டும் அவருடன் ஆய்ந்தாரும் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், 5 பாகைச் சரிவை மக்கள் ஏறத்தாழ 20 பாகை என மதிப்பிட்டனர். களைப்பும் சுமையும் சரிவை மேலும் கடிதாகக் காட்டும் என்பதும் அவர்கள் கொள்கை. சுமை பற்றிய முடிபைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர். பாட்டின் பொருளை இவ்வாய்வுகளால் நிறுவ யாம் முயலவில்லை. அதற்குப் பாட்டே சான்று. எனினும் சரிவைக் காணும் கண் அளவைக்கோலன்று என்னும் உண்மை, கவிஞர்க்கு மட்டும் உரிய மிகையன்று என்பது இதனால் விளங்கும்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் சங்கச் செய்யுளில் மலைச்சரிவு வரும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் தகும் எனலாம். அதன்முன் நிற்பார் யார்? அவர் ஏறுவாரா, நோக்குவாரா, வீழ்வாரா? அச்சரிவின் அருமையை எடுத்துரைப்பார் யார்? இவ்வினாக்களின்றிக் கருப்பொருட் பட்டியலுள் ‘மலை’ என ஒரு சொல்லை எழுதிச் செல்லும் மாணவர், பறம்பையும் குப்பைமேட்டையும், சாரலையும் அடுக்கத்தையும் ஒன்றாகவே காண்பர். அக்குறை மாணவருடையதன்று, நம் உரைமரபினுடையது.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு யாவரும் அறிந்தது. நிலத்தின் பெருமை, வானின் உயர்வு, நீரின் ஆழம் ஆகிய மூன்றினும் மிக்கது காதல் என்று தேவகுலத்தார் பாடினார். பரப்பும் உயர்வும் ஆழமும் அளவைகளாய் அமைந்தன. சாரலோ அவ்வரிசையில் வைக்கப்பெறவில்லை. குறிஞ்சிப்பூவின் தேன் விளையுமிடமாகவும் காதலனுக்குரிய நாடாகவும் அது நிற்கின்றது. உயர்வையும் ஆழத்தையும் எவரும் நில்லாத வெளியிலும் அளக்கலாம். சாரலுக்கு அதன்மேல் வாழ்வார் வேண்டும். இந்நோக்கில் குறிஞ்சிப் பாட்டுகள் அனைத்தையும் தொகுத்து, சரிவைக் குறிக்கும் சொல் ஒவ்வொன்றும் யாருடைய கூற்றில், எந்நிலைக்கண் வருகின்றது என ஆராய்வார்க்குப் பொருள் இன்னும் மிகுதியாகக் கிடைக்கும் என்று நம்புகின்றோம்.